உண்மைக் கதை என்று போட்டுவிட்டுப் பேயைக் காட்டலாமா?

திரைக்கொட்டகை (கேள்வி):

சிறு நகரம் ஒன்றில் மாதம் ஒரு படம் திரையிடும் குழுவை நடத்திவருகிறோம். வாடகைக்கு எடுத்த மண்டபத்தின் மாடி, ஒரு புரொஜெக்டர், அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகள், இவ்வளவுதான் எங்கள் சொத்து. சென்ற மாதம் பேய்ப்படம் ஒன்று போடலாம் என்று முடிவாகி, 2005இல் வந்த 'தி எக்ஸார்சிசம் ஆஃப் எமிலி ரோஸ்' படத்தைத் திரையிட்டோம். பேயோட்டும் சடங்குக்கு உள்ளான ஒரு கல்லூரி மாணவி இறந்துபோக, சடங்கை நடத்திய பாதிரியார்மீது நடக்கும் வழக்குதான் கதை. பாதி நீதிமன்றப் படம், பாதி பேய்ப்படம். கூட்டமும் நன்றாகவே வந்தது.

படம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா தயங்கித் தயங்கி அருகில் வந்தார். "தம்பி, அந்த மாத்திரைய மட்டும் குடுக்காம இருந்திருந்தா அந்தப் பொண்ணு பொழச்சிருக்கும், இல்லையா?" என்று கேட்டார். அவருடைய மகனுக்கு வலிப்பு. ஆறு ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறான். இது மருந்தில் தீருகிற காரியமில்லை என்று வீட்டில் மாமியார் முதல் நாளிலிருந்தே சொல்லிவருகிறாராம்.

அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. படத்தில் அப்படித்தான் இருக்கிறது. பாதிரியார் தரப்பு வழக்கறிஞர் மானிடவியல் அறிஞர் ஒருவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார். மருத்துவர் கொடுத்த மாத்திரைதான் பேயோட்டல் பலிக்காமல் தடுத்து அந்தப் பெண்ணைப் பிடியிலேயே பூட்டிவைத்துவிட்டது என்று அந்த அறிஞர் விளக்குகிறார். மறுதரப்பு அதை எதிர்க்கிறது என்றாலும், அதற்குள் நம் கண்ணாலேயே பேயைப் பார்த்துவிட்ட பிறகு எதிர்வாதம் யார் காதில் ஏறும்? படம் உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது என்ற வாசகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"அது சினிமாம்மா" என்று மட்டும் அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. மதத்தின் பேரால் நடக்கும் கொடுமையைக் கதையாக எடுக்கும் பேய்ப்படக்காரருக்கு அறப்பொறுப்பு என்று ஒன்று உண்டா, உண்டென்றால் அது எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதே என் கேள்வி. படத்தைத் தேர்ந்தெடுத்துத் திரையிட்டவன் என்ற முறையில் அதில் எனக்கும் பங்கு இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.


பழைய டாக்கீஸ்:

முதலில் அந்த உண்மைச் சம்பவத்தைப் பார்த்துவிடுவோம். அதைத் தெரிந்துகொண்டால் உங்கள் கேள்வியில் பாதி தெளிந்துவிடும்.

அன்னலீசே மிஷெல் 1952இல் பிறந்தவர். தெற்கு ஜெர்மனியின் பவேரியாவில் கிளிங்கன்பெர்க் என்ற ஊரில், மிகுந்த பக்தியுள்ள கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தார். பதினாறு வயதில் முதல் வலிப்பு வந்தது. மருத்துவம் பார்த்தார்கள், மருந்தும் கொடுத்தார்கள். வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பணிக்குப் படித்துக்கொண்டிருந்தபோது கோர முகங்கள் தெரிவதும், நீ நரகத்துக்குப் போவாய் என்ற குரல்கள் கேட்பதும் அதிகமாயின. 1975 செப்டம்பரில் வூர்ட்ஸ்பர்க் ஆயர் அனுமதி தர, இரண்டு குருமார்கள் 1614ஆம் ஆண்டுச் சடங்கு முறைப்படி பேயோட்டத் தொடங்கினார்கள். பத்து மாதங்களில் 67 அமர்வுகள். 1976 ஜூலை 1 அன்று, 23 வயதில், ஏறத்தாழ 31 கிலோ எடையில், பட்டினியாலும் உடலில் நீர் வற்றியும் அவர் இறந்தார். 1978இல் அஷாஃபென்பர்க் நகர நீதிமன்றம் பெற்றோர் இருவரையும் குருமார் இருவரையும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து, ஆறு மாதச் சிறைத் தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்தது. மரணத்துக்கு ஒரு வாரம் முன்புகூட மருத்துவ உதவி கிடைத்திருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பார் என்று அரசுத் தரப்பு வாதிட்டது.

இதை வைத்துக்கொண்டு நீங்கள் திரையிட்ட படத்தைப் பாருங்கள். ஸ்காட் டெரிக்சன் எடுத்த படத்தில் கதை அமெரிக்காவுக்குப் போய்விடுகிறது. அதில் எனக்குக் குறையில்லை, பெயரையும் ஊரையும் மாற்றுவது நாகரிகம்தான். ஆனால் வேறு சில மாற்றங்கள் இருக்கின்றன. பெற்றோர் குற்றவாளிக் கூண்டில் இல்லை, பாதிரியார் ஒருவர் மட்டுமே நிற்கிறார். பத்து மாதங்கள் நடந்த 67 அமர்வுகள், மழை கொட்டும் ஓர் இரவில், ஒரு தொழுவத்தில், ஒரே தடவையாகச் சுருங்கிவிடுகின்றன. இந்த ஒரு மாற்றத்தை மட்டும் யோசித்துப் பாருங்கள். 67 தடவை என்றால் வாரந்தோறும் அந்தப் பெண் மெலிவதைப் பார்த்துக்கொண்டே சடங்கைத் தொடர்ந்தார்கள் என்று பொருள். பார்க்கிறவனுக்குக் கோபம் வரும். ஒரே இரவு என்றால் அது போர்க்களம், அவனுக்குப் பரவசம்தான் வரும். குற்றமாக இருந்தது சாகசமாகிவிடுகிறது.

இன்னொன்று சிறியது, ஆனால் எனக்கு மறக்கவே மறக்காது. அன்னலீசேயின் அமர்வுகள் ஒலிநாடாவில் பதிவு செய்யப்பட்டன. அவற்றில் தமக்குள் இருப்பதாக அவர் சொன்ன பெயர்களில் லூசிபர், காயீன், யூதாஸ், நீரோ ஆகியோருடன் ஹிட்லரும் உண்டு. படத்தில் காயீன், நீரோ, யூதாஸ் எல்லோரும் வருகிறார்கள். ஹிட்லர் மட்டும் இல்லை. ஏன் என்று ஊகிப்பது கடினமன்று. அந்தப் பெயர் காதில் விழுந்த உடனே, இந்தப் பேய் நரகத்திலிருந்து வந்ததா, போருக்குப் பிந்தைய ஜெர்மன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து வந்ததா என்று பார்வையாளர் கேட்டுவிடுவார். அந்தக் கேள்வி எழுந்தால் பேய் செத்துவிடும்.

இதே சம்பவத்தை ஹான்ஸ் கிறிஸ்டியன் ஷ்மிட் 2006இல் 'ரெக்வியம்' என்று ஜெர்மன் மொழியில் எடுத்தார். நாயகியாக நடித்த சாண்ட்ரா ஹூலருக்கு பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக் கரடி விருது கிடைத்தது. அதில் பேய் இல்லை. அவளுக்குக் கேட்கும் குரல் நமக்குக் கேட்காது. செபமாலையை எடுக்கப் போகும் கை நடுங்கிப் பின்வாங்குவதைத்தான் பார்க்கிறோம், கையைத் தடுப்பது எது என்பதைப் பார்ப்பதில்லை. அவளுடைய மரணத்தைக்கூடக் காட்டாமல் எழுத்தில் ஒரு குறிப்போடு படம் முடிந்துவிடுகிறது. எனக்கு வாழ்நாளில் மிகவும் பயம் தந்த படங்களில் அதுவும் ஒன்று. பேய் இல்லாமலே பயமுறுத்த முடியும் என்றால், உண்மையில் இறந்துபோன ஒரு பெண்ணின் கதையில் பேயைச் சேர்த்தவர் அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.


வெளிச்சம் தேடி:

நான் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படிப்பவன். பழைய டாக்கீஸ் ஐயா சொன்ன செய்திகளை மறுக்கவில்லை. ஆனால் அவர் சொல்வதை விதியாக்கினால், கேமரா எப்போதும் மருத்துவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்றாகிவிடும். அப்படி எடுக்கப்பட்ட படத்தில் பக்திப் பித்துப் பிடித்தவர் நமக்கு ஒரு நோயாளி, அதைவிட மோசமாக ஒரு கேலிப்பொருள். நாம் பாதுகாப்பாக உட்கார்ந்து உச்சுக்கொட்டிவிட்டு எழுந்து வருவோம்.

மதத்தின் பேரால் நடக்கும் இந்தக் கொடுமையை 'மதவெறி' என்று சொல்வதே இங்கே இடறுகிறது. தமிழில் அந்தச் சொல்லைக் கேட்டதும் கையில் கம்போடு தெருவில் இறங்கும் கூட்டந்தான் நினைவுக்கு வரும். கிளிங்கன்பெர்க் பெற்றோர் யாரையும் வெறுக்கவில்லை. மகளின் ஆன்மாவைக் காப்பாற்றுவதாக நம்பி, அவளுடைய உடலைக் கைவிட்டார்கள். அந்த நம்பிக்கை உள்ளிருந்து எப்படி இருக்கும், அதில் என்ன இன்பம், என்ன ஆறுதல் என்று காட்டாவிட்டால் நமக்கு எதுவும் புரியாது. அதைக் காட்டப் பேய்ப்படத்தைவிடப் பொருத்தமான வடிவம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ரோஸ் கிளாஸ் 2019இல் எடுத்த 'செயின்ட் மாட்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் கடற்கரை ஊர் ஒன்றில், சாகக் கிடக்கும் நடனக் கலைஞர் ஒருவரைப் பார்த்துக்கொள்ள வரும் இளம் செவிலி மாட். கடவுள் தன்னிடம் பேசுவதாக நம்புகிறாள். நோயாளியின் ஆன்மாவைக் காப்பாற்றுவதே தன் பணி என்று எடுத்துக்கொள்கிறாள். காலணிக்குள் ஆணிகளைப் பரப்பி அதன்மேல் நடக்கிறாள். அவள் பார்ப்பதையே நாமும் பார்க்கிறோம், அவளுக்குக் கேட்கும் குரல் நமக்கும் கேட்கிறது. (இதை முன்கூட்டிச் சொல்வதற்கு மன்னிக்கவும், சொல்லாமல் வாதிட முடியாது.) கடைசிக் காட்சியில் அவள் கடற்கரையில் தன்மேல் எளிதில் தீப்பற்றும் திரவத்தை ஊற்றித் தீ வைத்துக்கொள்கிறாள். முதுகில் ஒளிச்சிறகு முளைக்கிறது. சுற்றி நிற்பவர்கள் மண்டியிடுகிறார்கள். படம் முடிந்தது என்று நினைக்கும்போது, ஒரு நொடிக்கும் குறைவாக, கருகி அலறும் முகம் ஒன்று வந்து திரை இருண்டுவிடுகிறது.

அந்த ஒரு நொடியில் அத்தனை நேரம் நாம் பார்த்ததெல்லாம் கவிழ்கிறது. ஆனால் ஒன்றரை மணி நேரம் அவளோடு சேர்ந்து நம்பியிருந்தால்தான் அந்த நொடி சுடும். எனவே கேமரா பேயையோ தெய்வத்தையோ பார்ப்பதில் குற்றமில்லை என்பேன். பார்த்தது யார் கண்ணால் என்று படம் எங்கேயாவது சொல்கிறதா என்பதே கேள்வி.


மாங்கனி நகரத்தார்:

நான் நம் சேலத்துக்காரன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலும் ஒரு சேலம் இருப்பதாகப் பள்ளியில் ஆசிரியர் சொன்ன நாளிலிருந்து அந்த ஊர்மீது எனக்கு ஒரு பற்று. அங்கே 1692இல் நடந்த சூனியக்காரி வழக்குகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். ஒளிப்பதிவுத் தம்பி கடைசியாகச் சொன்னதற்கும் அந்த வழக்குகளுக்கும் நேரான தொடர்பு இருக்கிறது.

அந்த வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ மாட்டேன் என்று நின்ற எண்பது வயதுக் கிழவர் ஒருவர்மேல் பாறைகளை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். குறைந்தது ஐந்து பேர் சிறையிலேயே மாண்டார்கள். இவ்வளவும் பெரும்பாலும் ஒருவகைச் சாட்சியத்தின்மேல் நடந்தது. 'அந்த அம்மாளின் உருவம் இரவில் வந்து என் மார்மேல் உட்கார்ந்து கழுத்தை நெரித்தது' என்று ஒருவர் சொன்னால், அந்த அம்மாள் அதே நேரத்தில் தம் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தார் என்பது தற்காப்பாகாது. வந்தது அவருடைய ஆவி உருவம். பார்த்தவருக்கு மட்டுமே தெரியும். ஆவிச் சாட்சியம் என்று அதைச் சொல்லலாம். அந்த ஆண்டு அக்டோபரில் ஆளுநர் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். அடுத்து அமைந்த நீதிமன்றத்தில் ஆவிச் சாட்சியத்தை ஒதுக்கிவைத்ததும் வழக்குகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. தண்டனை பெற்றவர்களில் கடைசியாக எஞ்சியிருந்த ஒரு பெண்ணின் பெயரை மாசசூசெட்ஸ் மாநிலம் 2022இல்தான் குற்றத்திலிருந்து விடுவித்தது.

இப்போது 2015இல் ராபர்ட் எக்கர்ஸ் எடுத்த 'தி விட்ச்' படத்துக்கு வாருங்கள். சேலத்துக்கு அறுபது ஆண்டுகள் முன்பு, 1630களில், ஊரை விட்டு விலக்கப்பட்டுக் காட்டோரம் குடியேறும், பியூரிட்டன் என்ற கடும் ஒழுக்கக் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பம். கைக்குழந்தை காணாமற்போகிறது. பழி மூத்த மகள்மேல் விழுகிறது. பெண்ணை வளரவிடாமல் இறுக்கும் பக்தியை அவ்வளவு நுட்பமாகக் காட்டிய படம் வேறில்லை. ஆனால் குழந்தை காணாமற்போன சிறிது நேரத்திலேயே, காட்டுக்குள் ஒரு கிழவியின் கையில் அந்தக் குழந்தை இருப்பதைக் கேமரா காட்டிவிடுகிறது. குடும்பத்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை. யாருடைய கண்ணும் அன்று அது, படமே நமக்குத் தரும் சாட்சியம். படம் முடிந்ததும், வசனங்களில் பல அந்தக் காலத்து நாட்குறிப்புகளிலிருந்தும் நீதிமன்ற ஆவணங்களிலிருந்தும் எடுக்கப்பட்டவை என்ற குறிப்பு வருகிறது. அந்த ஆவணங்களில் சிலவற்றின் முடிவில் தூக்குக் கயிறு இருந்தது என்பதைக் குறிப்பு சொல்லவில்லை.

எனக்குப் பிடித்த படம் அது, மூன்று முறை பார்த்திருக்கிறேன். ஆனாலும் நீதிமன்றம் 1693இலேயே தள்ளிவைத்த சாட்சியத்தைச் சினிமா இன்னும் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்ற உறுத்தல் மூன்று முறையும் இருந்தது.


வெளிச்சம் தேடி:

ஐயா, அந்தக் கிழவியை அந்தக் குடும்பத்தின் அச்சம் உருவெடுத்ததாகவும் பார்க்கலாமே. படம் முழுவதுமே அவர்களுடைய கனவு என்று கொள்வோரும் உண்டு.


மாங்கனி நகரத்தார்:

கொள்ளலாம் தம்பி. ஆனால் கனவு என்று கொள்வதற்குப் பார்வையாளர் பத்துப் படமாவது பார்த்துப் பழகியிருக்க வேண்டும். மகனுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கும் அந்த அம்மா அப்படிக் கொள்ளவில்லை.


கடல் கடந்தவன்:

மேலே பேசப்பட்ட படங்கள் எல்லாம் ஐரோப்பிய, அமெரிக்கப் படங்கள். அங்கே பெரும்பாலோர் சூனியக்காரிகளை நம்பாத காலத்தில் எடுக்கப்பட்டவை. நம்பிக்கை உயிரோடு இருக்கும் இடத்தில் இதே படம் என்ன செய்யும் என்பதற்கு நைஜீரியாவில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கப்பல் சரக்கு வேலையாக லாகோஸில் சில ஆண்டுகள் இருந்தவன் நான். என் அலுவலகத்தில் காவல் பணியில் இருந்த பெரியவர்தான் முதலில் அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னார். படம் என்று சொல்லவில்லை. "அதில் எல்லாம் காட்டியிருக்கிறார்கள்" என்றுதான் சொன்னார்.

1999இல் வெளிவந்த 'எண்ட் ஆஃப் தி விக்கெட்' என்ற படம் அது. தயாரித்தவர் ஹெலன் உக்பாபியோ, சொந்தமாகத் திருச்சபை ஒன்றை நிறுவி நடத்திவரும் போதகர். குழந்தைகளின் ஆன்மா இரவில் உடலைவிட்டுக் கிளம்பிச் சூனியக் கூட்டத்துக்குப் போய் மனித மாமிசம் உண்பதாகவும், வீட்டுக்கு வரும் நோய்க்கும் நட்டத்துக்கும் அதுவே காரணம் என்றும் அந்தப் படம் காட்டுகிறது. அந்நாட்டின் தென்கிழக்கே, குறிப்பாக அக்வா இபோம் மாநிலத்தில், சூனியக் குழந்தை என்று பழி சுமத்தப்பட்டு அடிக்கப்பட்ட, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகளைப் பற்றி 2008இல் பிரிட்டன் தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் வந்தது. அதே ஆண்டு அந்த மாநிலம் குழந்தைகள்மேல் இப்படிப் பழி சுமத்துவதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. அந்த நம்பிக்கையைப் பரப்பியதில் உக்பாபியோவின் படத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்பது குழந்தை உரிமைக்காரர்களின் குற்றச்சாட்டு.

அவர் அதை மறுத்தார். 2010இல் அமெரிக்கச் செய்தித்தாள் ஒன்றிடம் பேசியபோது அவர் வைத்த வாதத்தைக் கவனியுங்கள். ஹாரி பாட்டரை யாராவது உண்மை என்று நினைக்கிறார்களா என்று கேட்டார். வெள்ளைக்காரி எழுதினால் கற்பனை என்று புரிகிறது, ஆப்பிரிக்கப் பெண் எடுத்தால் மட்டும் அதை உண்மை என்று எடுத்துக்கொள்கிறீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். கூர்மையான வாதம்தான். முதலில் கேட்டபோது எனக்கும் வாயடைத்துப்போனது. ஆனால் ஹாரி பாட்டரை எழுதியவர் ஞாயிற்றுக்கிழமை மேடையேறி, அந்த மந்திரப் பள்ளிக்கூடம் இருக்கிறது, உங்கள் பிள்ளை அங்கேதான் இரவில் போகிறது என்று போதிக்கவில்லை. இவர் போதித்தார்.

ஆகவே ஒரே காட்சி எங்கே, யார் வாயால், யாருக்குக் காட்டப்படுகிறது என்பதைப் பொறுத்துக் கதையாகவோ சாட்சியாகவோ ஆகிவிடுகிறது. 'உண்மைச் சம்பவம்' என்று போட்டவர் அந்தப் போதகரின் மேடையில் ஒரு படி ஏறிவிட்டார் என்றே நான் கருதுகிறேன். நம்மூர்ப் படங்களில் 'கதாபாத்திரங்கள் அனைத்தும் கற்பனையே' என்று வழக்குக்குப் பயந்து போடுகிறார்கள். இவர்கள் டிக்கெட் விற்க அதையே தலைகீழாகப் போடுகிறார்கள்.


சிரிப்பானந்தா:

புகைபிடிக்கும் காட்சியில் ஓரத்தில் எச்சரிக்கை போடுவதுபோல, பேய் வரும்போதெல்லாம் 'பேய் இல்லை, மருத்துவரை அணுகவும்' என்று போட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்தது!


பழைய டாக்கீஸ்:

சிரிப்பானந்தா கிண்டலாகச் சொன்னாலும், அப்படி ஒரு யோசனை உண்மையாகவே வந்துவிடுமோ என்ற அச்சம் எனக்குண்டு. தணிக்கைக்குழுவிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைப்பதை நான் கேட்கவில்லை. அவர்கள் கையில் கொடுத்தால் முதலில் 'ரெக்வியம்' படத்தைத்தான் மதத்தைப் புண்படுத்துகிறது என்று வெட்டுவார்கள், எமிலி ரோஸ் எந்தக் கீறலும் இல்லாமல் வெளியே வந்துவிடும். நான் கேட்பது எடுத்தவரின் மனச்சாட்சியை. 67ஐ ஒன்றாக்கும்போது அவருக்குக் கை நடுங்கியிருக்க வேண்டாமா?


வார்டு நம்பர் ஏழு:

மனநலப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாகச் செவிலியாகப் பணியாற்றுபவள் நான். படங்களைப் பற்றி உங்கள் அளவுக்கு எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்வியை வாரம் ஒருமுறையாவது கேட்பவள் என்பதால் எழுதுகிறேன்.

என் முதல் பணியிடம் இராமநாதபுரம் மாவட்டம். 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை அதிகாலையில் தீப்பற்றி 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை வழக்காக எடுத்தது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. நான் அங்கே போனபோது தீ அணைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் அந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் நோயாளிகளில் சிலருக்குக் கணுக்காலில் வளையம்போலத் தழும்பு இருக்கும். ஊசி போடும்போது அந்தத் தழும்பைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

ஒளிப்பதிவுத் தம்பி அந்தப் பெற்றோரைப் பற்றிச் சொன்னதுபோல, இவர்களைக் கட்டிப்போட்டவர்களும் கொடியவர்கள் அல்லர். பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலிலேயே படுத்துக்கிடக்கும் தாய்மார்களை நான் அறிவேன். அதனால்தான் படம் சொல்வதற்கு எடை கூடுகிறது. எங்களிடம் வரும் குடும்பங்களில் பல மாத்திரையையும் விடுவதில்லை, மந்திரிப்பதையும் விடுவதில்லை. நாங்களும் விடச் சொல்வதில்லை. திருநீறு பூசிக்கொள்ளுங்கள், தர்காவுக்குப் போய்வாருங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள் என்போம். இரண்டும் ஒரே வீட்டில் அடுத்தடுத்த தட்டுகளில் இருந்தால் போதும், எங்கள் வேலை நடந்துவிடும். நீங்கள் திரையிட்ட படம் சொன்னது என்னவென்றால், இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது, மாத்திரைதான் மந்திரத்தைக் கெடுக்கிறது என்பது. பேய் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால்கூட எனக்குக் கவலையில்லை. அந்த ஒரு வசனந்தான் ஆபத்து.

நம் படங்களும் சுத்தமில்லை. அதே 2005இல் வந்த 'சந்திரமுகி' பேய் இல்லை, மனநோய் என்று சொன்ன படம். அதற்காக மகிழ்ந்தவள் நான். ஆனால் அடுத்த ஆண்டே வார்டில் சத்தம் போடும் பெண்களுக்கெல்லாம் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். வைத்தவர்களில் எங்கள் ஊழியர்களும் உண்டு. நல்ல எண்ணத்தோடு எடுத்த படத்துக்கும் வீட்டுக்குப் போகும் வழி இயக்குநர் கையில் இல்லை. ஆகவே எடுத்தவரை எவ்வளவு தூரம் பிடிக்கலாம் என்பதில் எனக்குத் தெளிவில்லை. திரையிட்டவரை எனக்குப் பிடிக்க முடியும், ஏனென்றால் அந்த அம்மா எதிரில் நின்றவர் அவர்தான்.

திரைக்கொட்டகை ஐயா, அந்த அம்மாவின் தொலைபேசி எண் உங்களிடம் இருக்கிறதா?


திரைக்கொட்டகை:

வருகைப் பதிவேட்டில் இருந்தது. செவிலி அம்மா கேட்ட அன்றிரவே அழைத்தேன். முதலில் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. படம் போட்ட தம்பி என்றதும் சிரித்தார். மகன் எப்படி இருக்கிறான் என்று விசாரித்தேன். நன்றாக இருக்கிறான் என்றார். மாத்திரை கொடுக்கிறீர்களா என்று கேட்டதற்குச் சிறிது நேரம் பதில் இல்லை. பிறகு, "ரெண்டு நாள் நிறுத்திப் பாத்தேன் தம்பி. மூணாம் நாள் காலைல கை லேசா வெட்டி இழுத்துச்சு. பயந்து மறுபடி குடுத்துட்டேன். அவன்கிட்டயும் சொல்லல, டாக்டர்கிட்டயும் சொல்லல" என்றார்.

எனக்கு அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த மருந்து வசனத்துக்கு மருத்துவ ஆதாரம் இல்லை என்றும், உண்மையில் அந்தப் பெண் எப்படி இறந்தார் என்றும் பழைய டாக்கீஸ் எழுதியதை வைத்துச் சொன்னேன். "பட்டினியிலயா செத்துச்சு?" என்று இரண்டு முறை கேட்டார். படத்தில் அது அவருக்குப் பதியவே இல்லை.

அடுத்த மாதம் 'ரெக்வியம்' திரையிடுவதாக முடிவு செய்திருக்கிறோம். தமிழ் வசன வரிகளை நாங்களே எழுதிக்கொண்டிருக்கிறோம். எனினும் அதற்கு முன்பு அந்த அம்மாவுக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்பதைச் செவிலி அம்மா சொல்ல வேண்டும்.


வார்டு நம்பர் ஏழு:

வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் விடாமல் தொடர்ந்து வலிப்பு வரும் நிலை ஏற்படலாம், அது உயிருக்கே ஆபத்து. இரண்டு நாளோடு நின்றது நல்லகாலம். நாளைக்கே மகனை அவர் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் அழைத்துப்போகச் சொல்லுங்கள். எந்தெந்த நாள் விட்டுப்போனது, மூன்றாம் நாள் எந்தக் கை இழுத்தது, எவ்வளவு நேரம் இழுத்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போகச் சொல்லுங்கள். திட்டுவார்களே என்று மறைக்க வேண்டாம். விட்டுப்போன மாத்திரைகளையும் சேர்த்து ஒரே வேளையில் கொடுத்துவிட வேண்டாம் என்பதைத் தவறாமல் சொல்லுங்கள், பலர் அப்படிச் செய்துவிடுகிறார்கள். மாமியாரையும் கூட அழைத்துப்போனால் நல்லது. நீங்கள் திரையிடும் நாளைச் சொல்லுங்கள், அன்று எனக்குப் பணிமாற்றம் கிடைக்குமா என்று பார்க்கிறேன்.